பத்தாவது கிளிப்

லாபு என்கிற ஊரில் பஞ்சாலையைத் தெரியாதவர் யாராவது இருந்தால், ஒன்று அவர் நேற்றுக் குடிவந்தவராக இருக்க வேண்டும், இல்லை காது கேட்காதவராக இருக்க வேண்டும். அவள் குரல் அவளுக்கு நூறு அடி முன்னால் நடந்து போகும். உடம்பு ஆற அமரப் பின்னால் வந்து சேரும்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி வருசம்தான். பதின்மூன்று வயதில் ரப்பர்த் தோட்டத்தில் புல் வெட்டும் கேங்கில் சேர்ந்தாள். முப்பத்திரண்டில் புருசன் சன்னாசி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகள். பிறகு தோட்டமும் கைமாறிப் போனது. மற்றவர்களெல்லாம் ஃபேக்டரி பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, பஞ்சாலை புல் வெட்டும் மெசின் ஒன்றை வாங்கித் தோளில் மாட்டினாள். பொம்பளை மெசின் தூக்குவதா என்று லாபுவே சிரித்தது. சிரித்தவர்களில் மூன்று பேர் ஐந்தே வருசத்தில் அவளிடம் வேலைக்கு வந்தார்கள். இது கட்டுக்கதை இல்லை. மூவரில் இரண்டு பேர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள், போய்க் கேட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கூடத் திடல், கோயில் வளாகம், சாலையோரம் என்று அவள் வெட்டாத புல் அந்த வட்டாரத்தில் முளைக்கவே இல்லை.

இப்போது அவளுக்கு அறுபத்தெட்டு. மெசினை மகன் ஷங்கர் வாங்கி மாட்டிக்கொண்டான். அடுப்பை மருமகள் மோகனா எடுத்துக்கொண்டாள். பஞ்சாலைக்கு வேலை என்று பார்த்தால் தன் பெருமையைப் பேசுவது ஒன்றுதான் பாக்கி. அதை அவள் ஒரு நாளும் லீவு போடாமல் செய்துவந்தாள். கிளினிக்கில் உட்கார்ந்தால் நர்சுக்கு, பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்கு, யாரும் கிடைக்காவிட்டால் வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு.

அப்படிப்பட்ட வாய் ஒருநாள் அவளையே மாட்டிவைத்தது.

அவள் லோரோங்கின், அதாவது அவள் இருந்த சந்தின், முனை வீட்டில் இருந்தவர் சீவரத்தினம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், எழுபத்தொன்பது வயது. பழைய தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது ஆபீஸில் எழுத்துவேலை முழுவதும் அவர் கையில். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாரென்றால் துரையே தன் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார். தோட்டம் போய் எல்லோரும் ஒரே தாமானில், அந்தக் குடியிருப்பில், வீடு வாங்கி வந்த பிறகும், அவர் கேட்டைச் சாத்திக்கொண்டு கிராணியாகவே இருந்தார். அவர் மனைவி சின்னாச்சி மட்டும் வேலியோரம் வந்து நாலு பேரோடு பேசுவார்.

நாலு மாதத்துக்கு முன் சின்னாச்சி தவறிப்போனார். அன்றோடு கிராணி வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. பேப்பர் வாசலில் குவிந்தது. லோரோங்குப் பெண்கள் மாறி மாறிக் கேட்டில் மாட்டிவிட்டுப் போன சாப்பாட்டைப் பூனைகள் சாப்பிட்டன. அந்த வட்டாரத்துப் பூனைகள் அவ்வளவு கொழுத்து யாரும் பார்த்ததில்லை. கிராணி மட்டும் இளைத்துக்கொண்டே போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் குமுதினி, பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வாராவாரம் வந்து போகிறவள், காரில் ஏறுமுன் பஞ்சாலையிடம் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"ஆண்ட்டி, மாசக் கடைசியில அப்பாவ கிள்ளானுக்குக் கூட்டிட்டுப் போறேன். முதியோர் இல்லம் ஒண்ணு பாத்துட்டேன்."

"ஏம்மா, ஒன் வீட்டுல வச்சுக்கக் கூடாதா?"

"பதினேழாவது மாடி ஆண்ட்டி. நான் வேலை முடிஞ்சு வர எட்டு மணி ஆயிரும். அங்கயும் கதவச் சாத்திக்கிட்டுத்தான் கெடப்பாரு. போன வாரம் வாங்கி வச்ச ரொட்டி அப்படியே பூத்துப் போயிருக்கு. இப்படியே சாப்பிடாம இருந்தா ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அங்கேன்னா பக்கத்துல ஆளாவது இருக்கும்."

"ஐயா என்னா சொல்றாரு?"

"எது கேட்டாலும் 'உன்ர விருப்பம்'ங்கறாரு. என்ன சாப்பிடுறீங்கப்பான்னா உன்ர விருப்பம். டாக்டர் கிட்டப் போலாமான்னா உன்ர விருப்பம். கிள்ளானுக்குப் போறீங்களான்னேன். அதுக்கும் அதேதான்."

அந்த இடத்தில் பஞ்சாலை 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் லோகேஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவள், காதும் வாயும் பெரியவள். லோகேஸ்வரி நிற்கும் இடத்தில் சின்னப் பேச்சுப் பேசிப் பஞ்சாலைக்குப் பழக்கமில்லை.

"மாசம் முடிய இன்னும் நாலு வாரம் இருக்குல்ல? நீ கவலைப்படாமப் போ லா! மெசின் மாட்டி மேடு பள்ளமெல்லாம் மழிச்சவ நான். ஒரு கிராணியக் கதவுக்கு வெளிய கொண்டாரதா பெரிசு? கடைசி ஞாயித்துக்கெழம வந்து பாரு. ஒங்கப்பா சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு வாசல்ல நிப்பாரு. நிக்கலன்னா என் பேரு பஞ்சாலை இல்ல!"

குமுதினி நம்பாமல்தான் காரை எடுத்தாள். கார் வளைவில் மறைந்ததும் லோகேஸ்வரி சொன்னாள்:

"பேரு மாத்துறதுன்னா இப்பவே ஐசி கார்டு ஆபீசுக்குப் போயிட்டு வந்துருங்கக்கா. மாசக் கடைசியில அங்க கூட்டமா இருக்கும்."

மறுநாளே பஞ்சாலை வேலையில் இறங்கினாள். சுடச்சுடத் தோசை கொண்டுபோய்க் கேட்டைத் தட்டினாள். பதிலில்லை. பூனைகள்தான் வரிசையில் வந்து உட்கார்ந்தன. உள்ளே போய்ப் பேசலாம் என்றால் அவள் புருசனை இழந்தவள், அவர் பெண்டாட்டியை இழந்தவர். ஐந்து நிமிடம் உள்ளே உட்கார்ந்தால் லோகேஸ்வரி கணக்கில் அது அரைமணி. அம்பாங்கானில் இருக்கும் லோகேஸ்வரியின் தங்கச்சி காதுக்குப் போகும்போது ஒரு பகல் ஆகிவிடும். ஆகவே ஆண்பிள்ளை ஒருத்தன் பேசட்டும் என்று பக்கத்து வீட்டு ஆறுமுகத்தை அனுப்பினாள். ஆறுமுகம் லோரி ஓட்டி ஓய்ந்தவன். கேட்டுக்கு வெளியே நின்று தன் சர்க்கரை நோயின் வரலாற்றை முக்கால் மணி நேரம் உள்ளே பார்த்துச் சொன்னான். உள்ளேயிருந்து வந்த ஒரே பதில், ஒரு ஜன்னல் மெதுவாகச் சாத்திக்கொண்ட சத்தம்.

பிறகு ஷங்கரிடமிருந்து மெசினைப் பிடுங்கிக்கொண்டு கிராணி வீட்டு முன்னால் புல் வெட்டினாள். சத்தம் பொறுக்காமல் திட்டவாவது வெளியே வருவார் என்று கணக்குப் போட்டாள். வரவில்லை. செவ்வாய் வெட்டினாள், வியாழன் வெட்டினாள், சனி வெட்டினாள். வெட்டுவதற்குப் புல் இல்லாமல் மண் தெரிந்தது. முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். ஒரு வாரம் போய்விட்டது.

முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது ஆறுமுகம் அலுத்துக்கொண்டான்.

"அந்தக் காலத்துல பெரட்டுல இந்த மனுசன் நம்ம பேரக் கூப்புட்டாப் போதும்க்கா. கக்கூசுல இருந்தாலும் ஓடி வந்துருவோம். இன்னிக்கி நாம இந்தக் கத்துக் கத்துறோம், திரும்பிப் பாக்க மாட்டேங்கறாரே."

பெரட்டு என்பது தோட்டத்தில் காலை வரிசை. விடியுமுன் எல்லோரும் களத்தில் நிற்பார்கள். கிராணி பேர் வாசிப்பார். நிற்கிறவன் குரல் கொடுக்க வேண்டும். பிந்தி வந்தவனுக்கு அரைநாள் வேலைதான் பதிவாகும். அழுதாலும் மாறாது.

பஞ்சாலையின் கை முழங்காலிலேயே நின்றுவிட்டது.

"டே ஆறுமுகம். நாலு மாசமா இந்த மனுசன யாராச்சும் பேரச் சொல்லிக் கூப்புட்டமா?"

"ஐயா ஐயான்னுதானே கூப்புடுறோம்."

"அதான்டா. ஐயான்னா எந்த ஐயா? கூப்புட்டது அவரத்தான்னு அவருக்கு எப்புடித் தெரியும்?"

மறுநாள் காலை ஏழு மணிக்கு, அந்த ஊரில் இருட்டு இன்னும் முழுதாக விலகாத நேரத்தில், கிராணி வீட்டு வேலியோரம் ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். பஞ்சாலையோடு சேர்த்துத்தான் ஒன்பது. எல்லோரும் பழைய தோட்டத்து ஆட்கள். சிலர் காலை நடைக்குப் போகிறவர்கள், சிலர் பஞ்சாலைக்குப் பயந்தவர்கள். எழுதத் தெரியாதவள் பதிவு வைப்பது எப்படி? துணி மாட்டும் கிளிப் ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். குரல் கொடுக்கிற ஆளுக்கு ஒரு கிளிப், வேலிக் கம்பியில்.

"ஆறுமுகம்!"

"இருக்கேன்!"

"லோகேஸ்வரி!"

"எதிர்ல நிக்கிறேன், கண்ணு தெரியலையா?"

"பெரட்டுல எதிர்ப்பேச்சு கெடையாது. லோகேஸ்வரி!"

"இருக்கேங்க்கா, இருக்கேன்."

ஒன்பது கிளிப் ஏறியது. பத்தாவது பேருக்கு வாய் திறந்தவள் அப்படியே நின்றாள். அந்தப் பேரை மொட்டையாகச் சொன்ன தொழிலாளி அந்தத் தோட்டத்தில் பிறந்ததில்லை. ஆனால் பெரட்டில் ஐயா கிடையாது, அம்மா கிடையாது. பேர் என்றால் பேர்தான். அந்தச் சட்டத்தைக் கட்டிக்காத்தவரே அவர்தான். பஞ்சாலை மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"சீவரத்தினம்!"

லோகேஸ்வரி தன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறுமுகம் தபால் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்தான். தபால் பெட்டி அவனுடைய வயிற்றில் பாதியைக்கூட மறைக்கவில்லை. உள்ளே ஜன்னல் திரை ஒரு விரல் அகலம் அசைந்து மறுபடி விழுந்தது.

பஞ்சாலை பத்தாவது கிளிப்பை எடுத்து மாட்டினாள்.

"அவருதான் கொரல் குடுக்கலையேக்கா?"

"தெரைய ஆட்டுனாருல்ல? அது போதும்."

இரண்டாம் நாள் உள்ளே ஓர் இருமல் கேட்டது. கிளிப் ஏறியது. மூன்றாம் நாள் விளக்கு அணைந்தது. அதற்கும் ஏறியது. நாலாம் நாள் ஒன்றுமே கேட்கவில்லை. அணைந்த விளக்கு அணைந்தபடியே இருப்பது நல்ல சகுனம் என்று சொல்லி அன்றைக்கும் மாட்டிவிட்டாள்.

ஐந்தாம் நாள் ஜன்னல் படாரென்று திறந்தது.

"ஆர் உதில நிக்கிறது? எத்தனை பேர் நிக்கிறியள்?"

"ஒம்போது பேருங்கய்யா!"

"கம்பியில எத்தனை கிடக்கு?"

"பத்துங்கய்யா."

"ஒன்பது ஆளுக்குப் பத்தோ? ஆரது பத்தாவது ஆள்?"

"நீங்கதாங்கய்யா."

"நான் வரேல்லை!"

"பேரக் கூப்புட்டோம்லங்கய்யா."

"கூப்பிட்டால் போதுமே? ஆள் நிக்க வேணும்! வராத ஆளை வந்தவன் எண்டு போடுறது களவு. முப்பத்தேழு வருசத்தில ஒருத்தனுக்கும் நான் அப்பிடிப் போட்டதில்லை. எடும் அதை!"

"முழங்காலு வீங்கிக் கெடக்குங்கய்யா. குனிய முடியல. நீங்களே வந்து எடுத்துப்புடுங்க."

கம்பி அவள் நெஞ்சு உயரத்தில் இருந்தது. குனிய வேண்டிய தேவையே இல்லை. ஆனால் கோபத்தில் இருக்கிற மனிதன் உயரம் பார்ப்பதில்லை. தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

சீவரத்தினம் படியிறங்கி வந்தார். சாரம் இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். தாடி கழுத்தை மறைத்தது. தோள் எலும்பு பனியனைக் குத்திக்கொண்டு நின்றது. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இத்தனை நாள் பரிகாசமாக இருந்த விசயம் அந்தப் பதினாலு அடி தூரத்தில் பரிகாசமாக இல்லை.

அவர் வேலியருகே வந்து கிளிப்பைக் கழற்றினார்.

பஞ்சாலை மெதுவாகக் கேட்டாள்: "ஐயா, இப்ப எத்தன பேரு நிக்கிறோம்?"

பழைய பழக்கம், விரல் தானாக நீண்டது. ஒவ்வொரு தலையாகச் சுட்டி எண்ணினார். "ஒன்பது."

"ஒங்கள விட்டுட்டீங்களே."

கிராணி கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நிற்கிறவனை நிற்கவில்லை என்று எழுதுவதும் களவுதான். அவர் தலைக்குள் முப்பத்தேழு வருசத்துச் சட்டம் புரண்டு படுத்தது.

"பிந்தி வந்தனான்," என்றார் கடைசியில். "அரைநாள்தான்."

அரைநாளுக்கு அடையாளமாகக் கிளிப்பைப் படுக்கவைத்து மாட்டிவிட்டு, சாரத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பஞ்சாலை அன்றைக்குக் காலைச் சாப்பாட்டுக்குள் இந்தச் சேதியைப் பதினேழு வீட்டுக்குச் சொல்லி முடித்தாள். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள் என்றுதான் சொல்லவேண்டும். மறுநாள் கிராணி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பேர் கூப்பிட்டார்கள், திரைகூட அசையவில்லை. பஞ்சாலை கிளிப் மாட்டவில்லை. பொய்ப் பதிவு கூடாது என்று அவரே சொல்லிவிட்டாரே.

மூன்றாவது நாள் கதவு தானாகத் திறந்தது.

"ஆறுமுகம் வந்தது ஏழு பத்துக்கு," என்றார் கிராணி, படியில் நின்றபடி. "அவனுக்கு என்னெண்டு முழுநாள்? நேற்றும் பிந்தினவன். முந்தநாளும் பிந்தினவன். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன்."

"ஐயா, சக்கர நோயிங்கய்யா..."

"உன்ர சர்க்கரை வியாதி எனக்கு முழுக்கத் தெரியும்! முக்கால் மணித்தியாலம் கேட்டனான். படுக்க வை அந்தக் கிளிப்பை!"

அன்று முதல் அவர் வர ஆரம்பித்தார். வருவார், நிற்பார், கிளிப் எண்ணுவார், யாரையாவது திட்டுவார், உள்ளே போவார். அவ்வளவுதான். சாப்பாடு கேட்டில் தொங்கியபடிதான் தொங்கியது.

ஒருநாள் எல்லோரும் கலைந்த பிறகு பஞ்சாலை கிளிப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கேட்டுக்கு உள்ளே நின்றார். அவள் வெளியே நின்றாள்.

"பஞ்சாலை, உமக்கு வேற வேலை இல்லையே? ஏன் என்னைப் பிடிச்சு இந்த ஆட்டு ஆட்டுறீர்?"

இதற்குச் சொல்ல அவளிடம் பெரிய பதில் ஒன்று இருந்தது. மெசினில் ஆரம்பித்து, மூன்று ஆட்களை வேலைக்கு வைத்ததில் ஏறி, அவள் வாங்கிய இரண்டு மாடி வீட்டில் முடிகிற பதில். ஏனோ அது வாய்க்கு வரவில்லை.

"சன்னாசி செத்தப்ப, நான் லயத்து வீட்ல கதவச் சாத்திக்கிட்டுப் படுத்துட்டேங்கய்யா. புள்ளைங்களக்கூட எங்கம்மாதான் பாத்துச்சு. எந்திரிக்கிற எண்ணமே இல்ல. பெரட்டுக் களம் என் வீட்டுக்குப் பின்னாலதான். தெனம் காலையில நீங்க பேரு வாசிக்கிறது கேக்கும். 'பஞ்சாலை'ம்பீங்க. யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. கொஞ்ச நேரம் நிறுத்துவீங்க. அப்புறம் அடுத்த பேருக்குப் போவீங்க. பதினாறு நாளு இப்புடி. பதினேழாவது நாளு எனக்கு ஆத்திரமா வந்துருச்சு. எம்பேரக் கூப்புட்டுக் கூப்புட்டு இந்த மனுசன் காத்துக்கிட்டு நிக்கிறானே, இவனுக்குப் பதில் சொல்லியாச்சும் தொலைப்போம்னு எந்திரிச்சு வந்தேன்."

கிராணி கண்ணாடியைக் கழற்றி சாரத்தின் நுனியால் துடைத்தார்.

"அது இரக்கத்தில செய்தது இல்லை, பஞ்சாலை. சட்டம். லீவில நிக்கிற ஆளின்ர பேரை வெட்டேலாது. வாசிக்கத்தான் வேணும்."

"சட்டமோ கிட்டமோ. கூப்புட்டது நீங்க, எந்திரிச்சது நான். நானாவா எந்திரிச்சேன்? ஊருக்குத்தான் அப்புடிச் சொல்லிக்கிட்டுத் திரியிறேன்."

இதை அவள் அதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டுத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். நல்லவேளை, லோகேஸ்வரி இல்லை.

கிராணி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"தேத்தண்ணி இருக்கே?" என்றார்.

"மோகனா!" என்று பஞ்சாலை போட்ட சத்தத்தில் மூன்று லோரோங் தள்ளி இருந்த இன்னொரு மோகனாவும் வாசலுக்கு வந்து எட்டிப்பார்த்தாள்.

தேநீருக்கு இரண்டு பிஸ்கட் துணை வந்தது. அடுத்த நாள் பெரட்டு முடிந்ததும் வேலியோரம் ஒன்பது பேரும் தோசை பிய்த்தார்கள். அவர் படியில் உட்கார்ந்து ஒன்று சாப்பிட்டார். பிறகு ஒன்றரை. பூனைகள் வேறு வீடு பார்க்கத் தொடங்கின. ஆறுமுகம் அவரைத் தன் காரில் சலூனுக்கு அழைத்துப் போய்த் தாடியை எடுக்கவைத்துக் கூட்டிவந்தான்.

ஆனாலும் பஞ்சாலைக்கு உள்ளே ஒரு முள் இருந்தது. சாப்பிட்டார், நின்றார், திட்டினார், எல்லாம் சரி. தேங்காய்ச் சட்னியா, தக்காளிச் சட்னியா என்று கேட்டால் "உம்மட விருப்பம்" என்றார். கோயிலுக்குப் போகலாமா என்றால் அதற்கும் அதே பதில்தான். கடைசிச் சனிக்கிழமை, பெரட்டு முடிந்து போகும்போது, இன்றைக்கு மழை வரும் என்கிற குரலில் சொன்னார்:

"நாளைக்கு நான் போறன். பெட்டி கட்டியாச்சு."

"ஒங்களுக்குப் போகணுமாங்கய்யா?"

"அவள் எல்லாம் பேசி முடிச்சிட்டாள். அவளின்ர விருப்பம்."

போகாதீர்கள் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். பஞ்சாலையிடம் ஒரு லோரி நிறைய வார்த்தைகள் இருந்தன, அந்த ஒன்றை மட்டும் அவள் வெளியே விடவில்லை. சொன்னால் அவர் இருந்துவிடுவார் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஆனால் அது பஞ்சாலையின் விருப்பமாகத்தான் இருக்கும். கிள்ளானில் படுத்துக் கிடப்பதற்குப் பதிலாக லாபுவில் படுத்துக் கிடப்பார். வேறென்ன?

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கிராணி எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார். கால்சட்டை, முழுக்கைச் சட்டை, பாலிஷ் போட்ட சப்பாத்து. பின்னால் படியில் பெட்டி. சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். பஞ்சாலை சொன்ன சொல் அப்படியே பலித்துவிட்டது. அதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

குமுதினியின் கார் வந்து ஓரமாக நின்றது. பெரட்டு நடந்துகொண்டிருந்ததால் அவள் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவைப் பார்த்ததும் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

"சீவரத்தினம்," என்றாள் பஞ்சாலை. குரல் அவளுக்கு முன்னால் போகவில்லை.

"கேக்கேல்லை. சத்தமாக் கூப்பிடும்."

"சீவரத்தினம்!"

"நிக்கிறன்."

கிளிப் ஏறியது. வரிசை கலையவில்லை. ஒருவரும் நகரவில்லை. குமுதினி கையில் முதியோர் இல்லத்து ஃபாரத்தோடு வந்தாள்.

"அப்பா... நல்லா இருக்கீங்கப்பா. போலாமா?"

"ஓம்," என்று பெட்டியை எடுக்கத் திரும்பியவர் நின்றார். "குமுதினி, அங்க காலையில பேர் கூப்பிடுவினமோ?"

"என்னப்பா?"

"அந்த இல்லத்தில. காலையில பேர் வாசிப்பினமோ எண்டு கேக்கிறன்."

குமுதினி பஞ்சாலையைப் பார்த்தாள். பஞ்சாலை மின்கம்பத்தைப் பார்த்தாள்.

"நர்ஸ் ரூம் ரூமா வந்து பாப்பாங்கப்பா. எட்டு, எட்டரைக்கு."

"எட்டோ? எட்டரையோ?"

"ஏதோ ஒரு நேரம்ப்பா."

"அப்ப ஆரும் பிந்தேலாது."

"பிந்துறதுக்கு என்ன இருக்கு? எல்லாரும் கட்டில்லதானே இருப்பாங்க."

கிராணி வரிசையைப் பார்த்தார். செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்த ஆறுமுகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டிருந்த லோகேஸ்வரியைப் பார்த்தார். பெட்டியின் கைப்பிடியை விட்டார்.

"நான் அங்க வரேல்லை," என்றார்.

"அப்பா, நேத்து போன்லகூட 'உன்ர விருப்பம்'னுதானே சொன்னீங்க?"

"சொன்னனான். நேற்று அப்பிடித்தான் இருந்தது. இப்ப எனக்கு இஞ்ச நிக்க வேணும்போல கிடக்கு."

குமுதினி ஃபாரத்தைக் காரின் பானட் மேல் வைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று லோகேஸ்வரியாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஐந்து மாதமாக அந்த மனிதர் மகளிடம் 'எனக்கு' என்று ஒரு சொல் சொன்னதில்லை. உப்புக் கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. இன்றைக்கு ஒரு தெரு முனையைக் கேட்கிறார்.

"சாப்பாடு?" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"எங்க வீட்டுல மூணு வேளையும்," என்றாள் தோசையோடு வந்திருந்த மோகனா, முந்திக்கொண்டு.

"மருந்து? டாக்டரு?"

"என் காரு சும்மாதானே கெடக்கு," என்றான் ஆறுமுகம். "ஆசுபத்திரிக்கு எனக்குப் போற வழிதான். நானும் ஐயாவும் சோடியாப் போவோம்."

"மூணு மாசம் பாப்போம்ப்பா. எடை கொறஞ்சா நான் கேக்க மாட்டேன், கூட்டிட்டுப் போயிருவேன்."

"ஓம். அதை எழுதி வை."

பஞ்சாலை லோகேஸ்வரியின் பக்கம் திரும்பினாள். வாழ்நாளில் இதைவிடப் பெரிய சந்தர்ப்பம் அவளுக்குக் கிடைத்ததில்லை, இனிக் கிடைக்கப்போவதும் இல்லை. "பாத்தியா..." என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் வரவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டு சாலை விளிம்பில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். லோகேஸ்வரி ஒன்றும் பேசாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் பேசாமல் உட்கார்ந்ததுதான் அன்றைக்கு லாபுவில் நடந்த இரண்டாவது அதிசயம்.

கிராணி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசை முன்னால் வந்து நின்றார்.

"ஒரு விசயம். ஏழு மணி எண்டு வச்சபடியால்தான் எல்லாரும் பிந்துறியள். நாளையில இருந்து பெரட்டு ஆறரைக்கு. வெள்ளிக்கிழமை ஆறே கால்."

வரிசையில் ஒரு முனகல் எழுந்தது. ஆறுமுகம் மெதுவாக நகர்ந்து பஞ்சாலையின் காதோரம் குனிந்தான்.

"அக்கா, குமுதினி காரு இன்னும் இங்கதாங்க்கா நிக்குது. பேசாம அவர அனுப்பி வச்சிருவோமா?"